சம்பள நாளில் பூட்டிக் கிடந்த ஜிம்

1. சுண்டல் கூட்டம்

திறப்பு விழா அன்று என் உடற்பயிற்சிக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் காலையில் நானும் ஒரு பூனையும் மட்டும் இருந்தோம்.

சங்கரன்கோவிலில் எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அதற்கு முன் ஆறு வருடம் சென்னையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தேன். பட்டறைக்கு எதிரே ஒரு ஜிம். ரயில்வே வேலைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் வருவார்கள். நானும் சேர்ந்தேன். ஊரிலிருந்து வற்றலாகப் போனவன் ஒரு ஆளாகத் திரும்பி வந்தேன். வந்ததும் நம் ஊரிலும் இப்படி ஒன்று வைத்தால் என்ன என்ற பைத்தியம் பிடித்துக்கொண்டது.

இடம் என் மனைவி சண்முகத்தாயுடையது. அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்த தறிக்கொட்டகை. தறிகளை விற்றுவிட்டதால் காலியாகக் கிடந்தது. அதன்மேல் அவள் அண்ணன் வேலுச்சாமிக்கு ஒரு கண். அவருக்கு ஏற்கெனவே எட்டு விசைத்தறிகள் ஓடின. இன்னும் இரண்டு போட இடம் தேடிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்தால் வாடகை தருகிறேன் என்றார். நான் குறுக்கே விழுந்து, எனக்குக் கொடு என்றேன். சண்முகத்தாய் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணே, தை பொறக்கட்டும். அதுக்குள்ள இவுக ஜிம்மு நின்னு காட்டிச்சுன்னா எடம் இவுகளுக்கு. இல்லன்னா நீங்க தறியக் கொண்டாந்து எறக்குங்க."

"மாப்ள, தையில லாரியோட வாரேன். ரெடியா இரும்" என்று மச்சான் சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சுருக்கென்றது. ஜிம் நிற்காவிட்டால் மறுபடி சென்னைக்கு, தனி அறைக்கு, மெஸ் சாப்பாட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்தத் தைக்கெடு எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

ஆவணியில் திறந்தேன். பழைய ஆயில் என்ஜின் இரும்பை வாங்கி, தெரிந்த பட்டறையில் நானே லேத்தில் கடைந்து பிளேட் செய்தேன். ஒரு பார்பெல், நாலு ஜோடி டம்பெல், ஒரு பெஞ்ச், புல்லப்ஸ் எடுக்க ஒரு பைப். கடை மூடிய ஒரு ஜவுளிக்காரரிடம் ஆளுயரக் கண்ணாடி கிடைத்தது. ஓரத்தில் கொஞ்சம் ரசம் போயிருந்தது. அதில் நின்றால் எல்லோருக்கும் இடது தோள் மட்டும் மங்கலாகத் தெரியும்.

திறப்பு விழாவுக்குச் சுண்டல் கொடுத்தோம். வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை பார்பெல்லைத் தூக்கினார்கள், கண்ணாடியில் மீசையை முறுக்கினார்கள், இன்னொரு கை சுண்டல் வாங்கினார்கள். மாதம் பத்து ரூபாய் என்று நான் சொன்னதும் கூட்டம் வாயைப் பிளந்தது. பஞ்சு மூட்டை இறக்குகிற பேச்சிமுத்து கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, நான் மூட்ட தூக்குனா எனக்குத் துட்டு தாராவ. ஒம்ம இரும்ப நான் தூக்கி ஒமக்குத் துட்டும் தரணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

2. சென்னை ரூல்

ஆனாலும் ஒரு வாரத்தில் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் தறி ஓட்டுகிற இளவட்டங்கள். எட்டு மணி நேரம் தறி முன்னால் குனிந்து நின்று முதுகு வளைந்தவர்கள். மார்பை விரித்து மூச்சு இழுக்கச் சொன்னால் முதல் நாள் முகம் சுளித்தார்கள், பத்தாம் நாள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னையே அளக்கச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதில் மாடசாமி என்று ஒருவன். என் மச்சானுடைய தறியில்தான் வேலை. முதல் நாள் புல்லப்ஸ் பைப்பில் தொங்கினான், தொங்கிக்கொண்டே இருந்தான், மேலே போகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு தடவை தாடை பைப்பைத் தொட்டது. இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் சட்டை முழுக்க அவன் வேர்வை.

சென்னை ஜிம்மில் என்னென்ன சட்டம் இருந்ததோ அத்தனையையும் அப்படியே எழுதி மாட்டியிருந்தேன். செருப்பு வெளியே. எடையைத் தரையில் போடக் கூடாது. கட்டணம் ஒன்றாம் தேதி, மொத்தமாக, முன்பணமாக. சனிக்கிழமை சாயங்காலம் விடுமுறை. இந்தக் கடைசிச் சட்டம் மட்டும் என் சொந்தச் சரக்கு. சண்முகத்தாயைச் சினிமாவுக்குக் கூட்டிப்போக ஒரு நாள் வேண்டாமா?

சேரும்போது எல்லோரும் எப்படியோ பத்து ரூபாய் புரட்டிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஒன்றாம் தேதி வந்தது. இருபத்திரண்டு பேரில் ஏழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஒன்றாம் தேதி மூன்று பேர்.

வராமல் நின்றுவிட்டவர்கள் என்னைக் கண்டால் ஓடினார்கள். டீக்கடையில் ஒருவன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்தான். நான் வளர்த்துவிட்ட புஜம் பேப்பருக்கு வெளியே தெரிகிறது! அது எவன் புஜம் என்று எனக்குத் தெரியாதா? மாடசாமி ஒருநாள் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ஊர்க்காரனுவளுக்கு ஒடம்பப் பத்தி என்ன தெரியும்? வெளங்கவே மாட்டானுவ" என்று வீட்டில் கத்தினேன்.

"நீங்க எந்த ஊராம்?" என்றாள் சண்முகத்தாய், கீரையை ஆய்ந்துகொண்டே.

3. பார்க்காமல் விட்ட படம்

கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை. ஜிம்மைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சினிமாவுக்குக் கிளம்பினோம். ஆறு மணி இருக்கும். கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. தறி, பட்டறை எல்லாவற்றிலும் கூலி போட்டிருந்தார்கள். காராச்சேவுக் கடையில் கூட்டம், பூக்கடையில் கூட்டம், பாத்திரத் தவணைக்காரரைச் சுற்றி ஒரு கூட்டம். எதிரே மாடசாமி, கையில் பகோடாப் பொட்டலம். இந்தத் தடவை ஓடவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. கையில ரெண்டு ரூவா இருக்கு. வாங்கிக்கிடுதியளா? அடுத்த வாரம் இன்னும் ரெண்டு தாரேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"அதெல்லாம் கெடையாதுல. ஒண்ணாந் தேதி மொத்தமாக் கொண்டா. ரூல்னா ரூல்தான்."

பையன் முகம் சுண்டிவிட்டது. சரி அண்ணாச்சி என்று முனகிவிட்டுக் கூட்டத்துக்குள் போனான். சண்முகத்தாய் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"குடுத்த துட்ட வேண்டாம்னு சொன்ன மொத யாவாரிய இன்னைக்குத்தான் பாக்கேன்."

"ஏட்டி, மாசக் கட்டணம்னா..."

"என்ன மாசம்? இந்தத் தெருவுல யாருக்கு மாசச் சம்பளம்? சேலத் தவணக்காரரு சனிக்கிழம வாராரு, பாத்திரக்காரரு சனிக்கிழம வாராரு, சீட்டு புடிக்கவ சனிக்கிழம வாரா. அத்தன பேருக்கும் குடுக்கானுவ. நீங்க ஒண்ணாந் தேதி போயிக் கேக்கீய. அன்னைக்கு அவன் கையில என்ன இருக்கும்? வெறும் பீடிக் கட்டுதான். துட்டு வாற அன்னைக்குக் கதவப் பூட்டிட்டுப் படம் பாக்கப் போறீய!"

நான் என்ன பட்டணத்திலா பிறந்தேன்? என் அப்பாவும் தறிக்காரர்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கூலி வாங்கி வந்தால்தான் எங்கள் வீட்டில் எண்ணெய், எங்களுக்கு மிட்டாய். அதைத் தின்று வளர்ந்தவன்தான் ரயில்வேக்காரர்களின் ஒன்றாம் தேதியைக் கொண்டுவந்து தறிக்காரர்கள் தலையில் கட்டினேன். அந்தப் பையன்களுக்கு ஜிம் பிடிக்காமல் இல்லை. கையில் இல்லாததைக் கேட்டு நான்தான் வெட்கப்பட வைத்து விரட்டியிருக்கிறேன்.

"படம் கெடக்கட்டும். சாவி எங்க?" என்றாள் அவள்.

திரும்பிப் போய்க் கதவைத் திறந்தோம். ரூல் அட்டையை நான் கழற்றினேன். அவள் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். தெருவில் போன முதல் ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, இனும வாரத்துக்கு ரெண்டு ரூவா. பழச எல்லாம் மறந்தாச்சு. ஒன் சேக்காளிகளயும் வரச் சொல்லு" என்றாள். அரைமணி நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். மாடசாமி பகோடாவோடு வந்தான். அதில் பாதியை மதினிக்கு என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் பைப்பில் போய்த் தொங்கினான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதான் எங்களுக்குத் திருநாள். கூலி வாங்கினவன் நேராக இங்கே வருவான், மதினியிடம் இரண்டு ரூபாய் கொடுப்பான், வேர்க்க விறுவிறுக்க எடை தூக்கிவிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போவான். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காகக் காலை ஒன்பது மணிக்கும் திறக்கச் சொன்னாள். பேச்சிமுத்துகூட ஒருநாள் வந்து, எந்த எடையை எப்படித் தூக்கினால் இடுப்பு வலிக்காது என்று கேட்டுக்கொண்டு போனான். சினிமா ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மாறியது.

4. தை மாதத்து லாரி

பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை. உள்ளே முப்பது பேருக்குக் குறையாது. வாசலில் லாரி ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேலே இரண்டு தறிகள், முன்னால் என் மச்சான்.

நான் வாசலுக்குப் போகவில்லை. ஏனென்றால், ஜிம் நின்று காட்டிவிட்டது என்று சண்முகத்தாய் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாரம் வாரம் வருவது கையைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். மச்சான் சொன்ன வாடகை அதைவிடக் கூட. இடம் அவளுடையது. அவள் வாடகையே மேல் என்றால் நான் எந்த முகத்தோடு மறுப்பேன்? ஒருவனுக்குத் தண்டால் எண்ணுகிற சாக்கில் உள்ளேயே நின்றுகொண்டேன். எத்தனை எண்ணினேனோ, பாவம், அவன் அன்றைக்கு நிறையவே எடுத்துவிட்டான்.

"ஏ பிள்ள, உள்ள கெடக்க இரும்பையெல்லாம் வெளிய எடுக்கச் சொல்லு. தறி வந்தாச்சு" என்றார் மச்சான்.

"வாங்கண்ணே. மொதல்ல உள்ள வந்து பாருங்க."

மச்சான் உள்ளே வந்தார். புழுதி, வேர்வை, இரும்புச் சத்தம். புல்லப்ஸ் பைப்பில் மாடசாமி. எட்டு, ஒன்பது என்று சுற்றி நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எலே மாடசாமி! மேலு வலிக்குன்னு சொல்லி மத்தியானம் அர மணி நேரம் ஒக்காந்து கெடந்தியல?"

அவன் தொங்கிக்கொண்டே, "அது தறியில மொதலாளி. இங்கன வந்தா வலி போயிருது" என்றான்.

முப்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் வியாபாரி. தங்கையிடம் திரும்பினார்.

"சரித்தா, வெளையாட்டு போதும். எங்கிட்ட வாடகை வாங்குனா ஒனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வீட்டுல சும்மா இருந்தாலும் துட்டு வரும்லா?"

"அதாண்ணே வேண்டாங்கேன்." அவள் குரல் சத்தமாக இல்லை. ஆனால் உள்ளே பார்பெல் சத்தம் நின்றுவிட்டது. "சும்மா இருந்து வாங்குற துட்டு எனக்கு எதுக்கு? இது இவுக தொழிலு மட்டும் இல்ல, எனக்கும் இதான் தொழிலு. சனிக்கிழம ஆனா முப்பது பேரு மதினின்னு கூப்புட்டு வாரான். எவன் வரல, ஏன் வரலன்னு எனக்குத்தான் தெரியும். தறிய நீங்க வேற எங்கயாவது எறக்குங்க."

தண்டால் எண்ணிக்கொண்டிருந்த நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்! அவள் எனக்காகச் சனிக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், வண்டியைத் தன் கொட்டகைக்கே திருப்பச் சொன்னார். கிளம்பும்போது என் தோளில் தட்டி, "மாப்ள, ஒமக்கு மொதலாளி கெடச்சாச்சு" என்றார்.

அந்தக் கூடம் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. கார் வாங்கவில்லை, மாடி கட்டவில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், நான் சென்னைக்குத் திரும்பவில்லை.

இப்போதும் இளைஞர்கள் மிஷின் படம் போட்ட புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சின்னதாக ஒரு ஜிம் வைத்தால் பிழைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பிழைக்கலாம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்பேன். உங்கள் தெருவில் கூலி என்றைக்குப் போடுகிறார்கள்? அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வாசலில் உட்காரப்போவது யார்? முதல் கேள்விக்கு எல்லோரும் யோசித்துப் பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது கேள்வியில் விழிக்கிறவர்களை, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு இரண்டு பேராக வரச் சொல்லி அனுப்புகிறேன்.