சித்திரையில் கத்தும் கலைமான்

நம் பர்மாவின் புத்தாண்டுத் திஞ்ஞான் தண்ணீர் விளையாட்டெல்லாம் ஓய்ந்த மறுநாள், லான்மடாப் பேட்டையில் கண்ணையா அண்ணன் வீட்டில் ஒரு மான் கத்துவதைக் கேட்டேன்.

ஐந்தாவது மாடியில் மானா? போனில்தான். அண்ணனின் ஒரே மகன் செல்வம் நியூசிலாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். வாரம் ஒரு முறை வீடியோவில் வருவான். அங்கே இப்போது செம்மான்கள் இணைசேரும் பருவம். மலைச்சரிவில் நின்றுகொண்டு போனை உயர்த்திப் பிடித்தான். எங்கிருந்தோ ஒரு முழக்கம்... மான் என்றால் சாது என்று நினைத்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆண் மான் கத்துது சித்தப்பா. வேட்டைக்கு இதான் சரியான சமயம்" என்றான். லைசென்ஸ் வாங்கி, முதலாளியோடு போய்ப் பழகியிருக்கிறான்.

எப்படி வேட்டையாடுவது என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஏறவே மூச்சு வாங்கும் ஆசாமிக்கு மான் வேட்டை எதற்கு? வேறொன்றுமில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விடக் கூடாதே என்ற பயம்தான்.

தேவகி அண்ணிக்கு அந்த வெள்ளிக்கிழமை இருதய ஆபரேஷன். அது செல்வத்துக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். வயசுப் பையன். இங்கே வந்து இறங்கினால் கட்டாயப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், திரும்பிப் போக முடியாது.

"ஒரு வார்த்தை சொல்லிடுவோமே, பாக்கணும் போல இருக்கு" என்று அண்ணி கெஞ்சிக்கொண்டே இருந்தார். "சொன்னா வந்துருவான். அதான் சொல்லப்படாது" என்பார் அண்ணன். அவ்வளவுதான், வீட்டில் இதே பேச்சு.

செல்வம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனான். காற்று எப்போதும் நம் முகத்தில் அடிக்க வேண்டுமாம். மானின் மோப்பம் பொல்லாதது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, அம்மா அனுப்பிய தனக்காப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து ஊதிப் பார்ப்பானாம்.

"மூஞ்சில பூசிக்கன்னு அனுப்பினா, மலையில ஊதறானாம்!" என்று அண்ணி சிரித்தார். சிரித்த கையோடு மூச்சு இரைத்தது. அண்ணன் சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சத்தம் வந்த திசைக்கு ஓடக் கூடாது. மறைவாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து இன்னொரு ஆண் மான் போலக் கத்த வேண்டும். ரொம்பப் பெரிய குரலும் ஆகாது, இளம் மான் பயந்து ஒதுங்கிவிடும். பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுத்து, தோளுக்குப் பின்னால் சுட வேண்டும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். கறிக்காக என்றால் கிழட்டுக் கலைமான் வேண்டாம் — இந்தப் பருவத்தில் அதன் கறி வீச்சமடிக்கும்.

"பெட்டை மாதிரிக் குரல் குடுத்தா பதிலே சொல்லாது சித்தப்பா. சத்தமில்லாம நேரா வந்து நிக்கும். வாரக்கணக்கா சரியாத் திங்காம எலும்பும் தோலுமா... மத்த நாள்ல எவ்ளோ உஷாரான மான் தெரியுமா? அப்படி வந்து நிக்கிறதப் பாத்தா எனக்குச் சுட மனசு வராது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

செல்வமே மேலும் பேசினான். "அம்மா, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே. ஒடம்பு சரியில்லையா? ஒரு பத்து நாள் வந்துட்டுப் போகவா?"

எத்தனை நாளாக அண்ணி காத்திருந்த கேள்வி! 'வா' என்றால் போதும், பிறகு அவனைத் தடுக்க அண்ணனாலும் முடியாது.

அண்ணி போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"திஞ்ஞான்ல தண்ணிய ஊத்திட்டாங்கப்பா, சளி. இதுக்குப் போய் டிக்கெட் போடுவியா? நீ வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன், பாத்துக்க."

அவன் சிரித்துவிட்டு வைத்தான். அதன் பிறகுதான் அண்ணி அழுதார். வாய்விட்டு அழுதார். தேற்றத் தெரியாமல் ஆம்பிளைகள் இரண்டு பேரும் மரம் மாதிரி நின்றோம்.

பிள்ளையை எப்படியாவது பக்கத்தில் வரவழைத்துக்கொள்வதுதான் தாய்ப்பாசம் என்று இந்த வயது வரை நினைத்திருந்தேன். வராதே என்று சொல்ல இன்னும் எவ்வளவு பாசம் வேண்டும் என்று அன்றுதான் பார்த்தேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி — "அவனுக்கு யாரும் சொல்லிடலையே?"

அப்படியிருக்க, நீ மட்டும் பத்திரிகையில் போட்டு உடைக்கலாமா என்கிறீர்களா? செல்வத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நம் பிள்ளைகளின் இந்தக் குறையைப் பற்றி இதே பக்கத்தில் எத்தனை முறை புலம்பியிருப்பேன்... இந்த வாரம் மட்டும் புலம்பவில்லை.