ஆடி வெள்ளியும் மரத்தரையும்

வீடு கட்டும்போது, வழவழவென்று முகம் தெரிகிற டைல்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். தென்காசியில் எங்கள் தெருவிலேயே அப்படியொரு தரை கிடையாது என்று பெருமை வேறு. சாரல் காலத்தில் அந்தத் தரைக்கு வியர்க்கும். வைகாசி கடைசியில் குற்றாலத்துக் காற்று முந்திக்கொண்டு வந்த ஒரு காலையில், காப்பித் தம்ளரோடு நடந்த என் வீட்டுக்காரர் அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நான்தான் தூக்கினேன். தூக்கும்போதே திட்டவும் செய்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்ன டாக்டர், இப்படியே படுத்துக் கிடந்தால் அப்புறம் நடக்கவே முடியாமல் போகும் என்றார். இவரோ கட்டிலை விட்டு இறங்கினால்தானே? என் தோளைப் பிடித்துக் குளியலறைக்குப் போய்வருவதோடு சரி. தரையைப் பார்த்தாலே முகம் வெளிறிவிடும். அதைப் போட்டவள் நான் அல்லவா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழுக்காத மரத்தரையாக மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் டைல்ஸை உடைத்தால் அந்தத் தூசியிலும் சத்தத்திலும் நோயாளி எப்படிக் கிடப்பார்? கடையநல்லூரிலிருந்து வந்த ஃபிட்டர், வளைகுடாவில் இதே வேலை பார்த்தவர், உடைக்கவே வேண்டாம் என்றார். டைல்ஸ் மேலேயே மெல்லிய ஃபோம் ஷீட்டை விரித்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் மரப்பலகைகளை அடுக்கினார். அதற்கு முன் இரண்டு நாள் பெட்டிகளை ஹாலில் சும்மா போட்டுவைத்தார். பலகைக்கு இந்த ஊர்க் காற்று பழக வேண்டுமாம். தரை உயர்ந்ததால் கதவுகள் தட்டின. கழற்றி அடிப்பக்கத்தைச் சீவி மாட்டினார்.

போகும்போது, “அக்கா, தண்ணி மட்டும் ஊத்திராதீங்க. துணியை ஒட்டப் பிழிஞ்சு தொடச்சாப் போதும்” என்றார்.

“நான் என்ன கூறு கெட்டவளா? நீங்க சொல்லித்தான் தெரியணுமாக்கும்!” என்றேன்.

இவ்வளவு செய்தும் இவர் இறங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி பெருவிரலால் பலகையைத் தொட்டுப் பார்ப்பார். “நாளைக்குப் பாப்போம்” என்பார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது ஆடி வெள்ளி. வெள்ளிக்கிழமை விடிந்தால் வீட்டைக் கழுவிவிட வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். பூசைக்கு என்னென்ன வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு இரண்டு வாளித் தண்ணீரை அடுக்களை வாசலில் வீசி ஊற்றிவிட்டது. ஊற்றிய பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி! அன்றைக்கு உப்பிய மூன்று பலகைகள் இன்றும் மேடாகத்தான் இருக்கின்றன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணி எடுக்கத் தண்ணீருக்குள்ளேயே ஓடினேன். கால் சர்ரென்று சறுக்கியது. “ஐயோ!” என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, அசையாத! அங்கனயே நில்லு!”

நிமிர்ந்தால் அறை வாசலில் இவர். வாக்கர் இல்லை. ஒரு கை சுவரில், மறுகையில் கட்டில் விரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். விரிப்பைத் தண்ணீரில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று என் கையைப் பிடித்தார்.

“வாக்கர் இல்லாம எதுக்கு வாறீங்க? இன்னொரு தடவை விழுந்து தொலைக்கவா?” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

“நான் விழுந்தப்போ தூக்க நீ இருந்த” என்றார். “நீ விழுந்தா ஒன்னைய யாருட்டி தூக்குவா?”