தெருவுக்காகக் கடையைக் குறுக்கிய எங்கள் அம்மா

எங்கள் அம்மா இறைவனிடம் மீண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அவரைப் பாலக்காட்டுப் பழைய கடைத்தெருவில்தான் தெரியும். பிறந்தது வேலந்தாவளத்தில். மாட்டுச் சந்தையன்று பிறந்ததால் தன் முதல் அழுகை யார் காதிலும் விழவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

அத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கீழே பாத்திரக்கடை, மேலே குடித்தனம். எதிரெதிர் மாடிச் சன்னல்களில் நின்றே பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள். எங்கள் நோன்புக் கஞ்சி எதிர்வீட்டுக் கோமதி அக்காவுக்குப் போகும். அவர் வீட்டுப் பணியாரம் எங்களுக்கு வரும். அத்தா மறைந்தபின் அம்மாவே கடையை நடத்தி எங்களைப் படிக்க வைத்தார்.

காலப்போக்கில் தெரு தளர்ந்தது. கடைகள் முன்னால் நீண்டு சாக்கடையை அடைத்துவிட்டதால், மழைக்காலத்தில் கழிவுநீர் வீடுகளுக்குள் புகுந்தது. பலர் பூட்டிவிட்டுப் போனார்கள். கோமதி அக்காவும் வீட்டை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் ஒன்றுகூடி, முன்னால் நீட்டியதை இடித்து இடம் விட்டால் சாக்கடையைச் சீரமைத்துத் தருவதாக நகரசபை சொன்னது. கூட்டத்துக்குப் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் அடுத்தவர் முதலில் இடிக்கட்டும் என்றார்கள்.

அம்மா எழுந்தார். "மொதல்ல எங்க கடையில கை வையுங்க."

அண்ணன் பதறினார். "அத்தா கட்டினதும்மா அது!"

"தெரியும்டா. கோமதி ஊட்டுக்குள்ள சாக்கடை போறதப் பாத்துக்கிட்டு, அத்தா அங்க உக்காந்து ஏவாரம் பண்ணியிருப்பாரா?"

இடித்த அன்று அம்மா அடுக்களையில் தனியே அழுதார். கோமதி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க வாசப்படியையும் எடுக்கச் சொல்லிட்டனுங்க அக்கா. ஊட்டையும் விக்கலீங்க" என்றார்.

அதன்பின் அம்மா வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். வெளியூர் போனவர்களிடம் போனில் மன்றாடினார். ஒருசிலருக்குக் கடைசிவரை கோபம் தணியவில்லை. அவர்களுக்கும் பெருநாள் பிரியாணி தவறாமல் போனது. அடுத்த மழைக்குள் சாக்கடை சீரானது. பூட்டிக்கிடந்த மாடிகளில் மறுபடி விளக்கு எரிந்தது.

நோயில் கிடந்த இறுதி நாட்களில் அம்மாவுக்கு எங்கள் முகங்கள்கூடப் பிடிபடவில்லை. வாசலில் பேச்சுக்குரல் கேட்டால் மட்டும், "கூட்டத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்களா?" என்பார்.

கஞ்சி ஊட்டிய கோமதி அக்காவுக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த அண்டை வீட்டாருக்கும், கடையடைத்து அம்மாவின் சந்தூக்கை அடக்கத்தலம்வரை தோளில் சுமந்தவர்களுக்கும், கோபத்தை மறந்து உடன் நடந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.

எல்லாரும் வந்துட்டாங்கம்மா.

மகள்