பாதம் பார்க்கும் சுகேங்

ஒரு ஜெர்மன்காரரின் கட்டைவிரல் சுகேங்கின் இடது கையில் இருக்கிறது. வலது கையில் நகவெட்டி. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறிய நகம் எளிதாக வெட்டுப்படுகிறது. காலுக்குச் சொந்தக்காரர் கூச்சத்தில் நெளிகிறார். சுகேங் நிமிர்வதில்லை.

"ஏறும்போது ஒண்ணும் தெரியாது சார். இறங்கும்போது அடிக்கு அடி இந்த நகம் ஷூவுல போய் முட்டும். கீழ வந்து சேர்றப்ப விரல் கத்திரிக்கா கலர்ல இருக்கும்."

எங்கள் ஊரில் எரிமலைக்கு ஆள் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் பதினான்கு பேர். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துத் திட்டம் போடத் தொடங்குவார்கள். சுகேங் பாதத்தைப் பார்த்துத் தொடங்குகிறான். நகம், குதிகால் வெடிப்பு, பழைய சுளுக்கு எல்லாம் பார்த்தபின், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுப்பான். குழி விழுந்து அப்படியே நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது, அந்த ஆளை ஏற்றக்கூடாது. இதைக் கற்றுக்கொடுத்தது நான். இந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

பாதம் முடிந்ததும் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் செய்வான். மலையை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பெரியவர் இன்னிக்கு எப்படி? இருமினாரா? புகை எந்தப் பக்கம் சாயுது?" பதிலைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்வான். பிறகு விருந்தாளிகளைச் சமையலறையில் வரிசையாக உட்கார வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்வான். "கல்லு பறந்து வந்தா என்ன செய்யணும்?" "ஓடணும்" என்பார் யாராவது. "முதுகைக் காட்டி ஓடுனா செத்தீங்க. நின்னு மேல பாக்கணும். கல்லு எங்க விழும்னு பாத்துட்டு அப்புறம் ஒதுங்கணும்." இரண்டு முறை சரியாகச் சொன்னால்தான் சாப்பாடு.

ஒரே குறை, அவனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. முகத்துக்கு நேரே மறுப்பது இங்கே கன்னத்தில் அறைவது மாதிரி. அதனால் ஏற்றக்கூடாத ஆளிடம், "நாளைக்குப் போலாம்" என்பான். ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். வெளியாட்களுக்குப் புரியாது. சுரபாயா நகரத்திலிருந்து வந்த ஒரு கனத்த மனிதர் நாலு நாள் நாளைக்காகக் காத்திருந்து, சாப்பிட்டு, ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பினார்.

அந்தச் சாப்பாட்டைப் போட்டவள் பொனிரா, சுகேங்கின் மனைவி. இருபத்தாறு வருடமாக மலையேறுகிறவர்களுக்குச் சோறும் முட்டையும் மிளகாய்த் துவையலும் இலையில் பொட்டலம் கட்டித் தருகிறாள். ஒரு தடவையும் மலையேறியதில்லை. மாடு, மிளகாய்க் கொல்லை, இரண்டு பெண்கள் என்று ஏதாவது ஒன்று காலைக் கட்டிப்போட்டது. போன வருடம் ஒரு விருந்தாளி உச்சியில் எடுத்த படத்தைப் போனில் காட்டினார். பச்சைக்கு நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு.

"அது என் அடுப்படிக் கூரையா? அங்கேர்ந்து பாத்தா தெரியுதா?" என்று கேட்டாள். பிறகு சுகேங்கிடம், "ஒரு வாட்டி நான் அதைப் பாக்கணும்" என்றாள். அவள் எதையும் இரண்டாம் முறை கேட்பவள் அல்ல.

சுகேங் இரண்டு மாதம் திட்டம் போட்டான். மற்றவர்களை ஒரே மூச்சில் ஏற்றுகிறவன், இவளுக்காக அதை இரண்டு பகலாக உடைத்தான். விடிந்தபின் கிளம்புவது, மரங்கள் முடிகிற இடத்தில் கூடாரம், மறுநாள் காற்று மாறிப் புகை இந்தப் பக்கம் சாய்வதற்குள் உச்சி. ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினான். மாட்டுக்குப் புல் போட மைத்துனியை வரவழைத்தான்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் தேனிலவா?" என்று கிணற்றடியில் பெண்கள் சீண்டினார்கள்.

"நான் போறது என் கூரையைப் பாக்க. இந்த மூஞ்சியை வீட்டிலேயே பாத்துக்குவேன்" என்றாள் பொனிரா.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம், தைத்து வைத்திருந்த முகக்கவசத்தைக் கொடுக்கப் போனேன். வெந்நீர்ச் சட்டியோடு சுகேங் தரையில் உட்கார்ந்திருந்தான். பொனிரா கால்களைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரான் காலெல்லாம் பிடிச்சாச்சு, என் காலு வேறயா? கல்யாணத்தன்னிக்கு நான் உன் காலைக் கழுவினேன். அதுதான் முறை. சிஸ்டரம்மா, சொல்லுங்க இவருக்கு!"

"நீட்டு" என்றான் சுகேங்.

பத்து நகத்தையும் வெட்டினான். ஜெர்மன்காரருக்கு ஆனதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. கடைசியில், பழக்கதோஷத்தில், முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தான்.

குழி நின்றது. ஒரு வேர்க்கடலையை அதில் வைக்கலாம். அடுத்த காலில் அழுத்தினான். அதிலும் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"படுத்தா மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

"அடுப்புப் புகைங்க. வேற ஒண்ணுமில்ல."

"ராத்திரி எப்படித் தூங்குறே?"

"செவுத்துல சாஞ்சு."

"எத்தனை நாளா?"

"சோள அறுப்புலேர்ந்து."

அது நாலு மாதம். தன்னிடம் அவள் முதுகுவலி என்று சொல்லியிருந்ததாகச் சுகேங் முணுமுணுத்தான். அவள் சாய்ந்து தூங்கியது என் வீட்டுச் சுவரில்தான். நான் ஒரு நாளும் அவள் காலைப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துவந்தேன். நூற்றுத் தொண்ணூறு. இதயம் தவிக்கிறது, டாக்டர் பார்க்கவேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்றேன்.

சுகேங் துண்டை எடுத்து அவள் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான்.

"நாளைக்குப் போலாம், பொனிரா."

அவள் அவனை முறைத்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"யோவ், என்கிட்டயேவா? அந்தச் சுரபாயாக்காரனுக்கு நாலு நாள் வடிச்சுக் கொட்டினவ நான்யா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கூரை எங்க ஓடப்போவுது" என்றாள்.

மறுநாள் காலை, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிடம், வழியெல்லாம் வளைவு. இரவில் தூங்காதவள், வண்டியில் ஏறினால் கண் சொருகிவிடும் என்றாள். சுகேங் உள்ளே போய், எரிமலை வாயின் விளிம்பில் விருந்தாளிகளைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் கயிற்றை எடுத்துவந்தான். அவள் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினான்.

"என்ன, ஆட்டுச் சந்தைக்கா கொண்டுபோறே?" என்றாள்.

முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவிழ்த்தான். மறுபடியும் கட்டினான்.