பதினோரு முறை வெளியேறியவள்

ஜான்சி எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இதுவரை பதினோரு முறை வெளியேறியிருக்கிறாள். கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவளைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பச் சேர்க்கிற வேலை என்னுடையது. குழுவின் பெயர் '8.14 லேடீஸ் டப்பா'. மும்பையில் காலை 8.14க்குச் செம்பூர் வந்து வாஷிக்குப் போகிற ரயிலில், ஒரே பெண்கள் பெட்டியில், ஆறு வருடமாகச் சேர்ந்து போகிற பதினெட்டுப் பேர் நாங்கள்.

முதல் முறை, பிறந்தநாள் போட்டோவில் அவள் முகம் பாதிதான் விழுந்திருந்தது. நான்காவது முறை, அவள் எழுதிய நீளமான செய்திக்கு நான் வெறும் கட்டைவிரலை அனுப்பிவிட்டேன். ஏழாவது முறை எதற்கென்று அவளுக்கே மறந்துவிட்டது.

தாராவிக்காரி. வயது முப்பத்து மூன்று. வாஷியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். ஊசி போவதே தெரியாது என்று வயதானவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தாராவியிலிருந்து செம்பூருக்குக் கஞ்சி கொண்டுவந்து, "பிரேமாக்கா, உங்கள மாதிரி ஒரு ஆளு உலகத்துலயே கிடையாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரமே பிளாட்பாரத்தில் என்னை ஒரு விளக்குக் கம்பம்போலக் கடந்துபோனாள். நடுவில் நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவளுக்குக் கல்யாணம் ஒன்று நிச்சயமாகியிருந்தது. ஒரு மதியம் மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை கூப்பிட்டாள். நாற்பத்தொன்றாவது போன் அவனுடைய அம்மாவுக்கு, கல்யாணம் வேண்டாம் என்று. பாவம், அவன் முடிவெட்டிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் நான் கொழுப்பு என்றுதான் நினைத்தேன், சொல்லியும் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளே அறிவித்தாள்:

"எனக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கொழுப்பு இல்லக்கா. யாராவது கொஞ்சம் தள்ளி உக்காந்தாலே, விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு பயம் வந்துருது. அதான் அவங்களுக்கு முந்தி நான் போயிருதேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டாக்டர் சொல்லி, வாரம் ஒரு வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். மனசு கொதிக்கும்போது உடனே எதுவும் செய்யாதே, கொஞ்சம் காத்திரு என்று அங்கே சொன்னார்களாம். எவ்வளவு நேரம் என்பதற்கு அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: வாஷிக்குச் சற்று முன்னால் கடல்கழிமேல் வரும் பாலம் தாண்டும்வரை வாயையும் திறப்பதில்லை, போனையும் தொடுவதில்லை. காலையில் இது பிரமாதமாக வேலை செய்தது. மாலையில்தான் சிக்கல். வாஷியில் ஏறியதுமே பாலம் வந்துவிடும். திட்டுவதற்கு அவள் இறங்கும்வரை தாராளமாக நேரம் இருக்கும். எங்கள் மனு ஏற்கப்பட்டு, மாலைக்கு மட்டும் எல்லை செம்பூருக்கு மாற்றப்பட்டது. நான் இறங்கிவிடுவேன் அல்லவா!

இத்தனையிலும் அவளைவிட்டு ஒருமுறைகூட விலகாத ஆள் மெஹக். மாட்டுங்காக்காரி, வாஷியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. ஜான்சிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து இடம்பிடித்து வைப்பாள். சண்டை போட்டு ஜான்சி வேறு மூலையில் போய் நின்ற நாட்களிலும் அந்தப் பை அங்கேயே இருக்கும். யார் கேட்டாலும் "ஆள் வருது" என்பாள்.

அந்த மெஹக்குக்கு இந்த அக்டோபரில் தாதர் கடைக்கு மாற்றல் வந்தது. இனி 8.14 கிடையாது. "ஜான்சிகிட்ட இப்பச் சொல்லாத, கடைசி நாள் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்று யோசனை சொன்ன மகாபுத்திசாலி நான்தான். இரண்டு வாரம் பதினேழு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கடைசி நாள் தசராவுக்கு முந்தைய நாள். வருடா வருடம் அன்று எங்கள் பெட்டிக்குப் பூஜை. கைப்பிடிகளில் சாமந்தி மாலை, கதவோரம் தோரணம், டோலக், பேடா. நான் கேக் பெட்டியோடு செம்பூரில் ஏறினேன். "கொடுங்கக்கா, நசுங்கிரும்" என்று ஆசையாக வாங்கிய ஜான்சி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். 'மெஹக், தாதரில் கலக்கு' என்று க்ரீமில் எழுதியிருந்தது.

டோலக் நின்றது. ஜான்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் தலை குனிந்துகொண்டோம். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மெஹக் அழுதுகொண்டே அவள் தோளைத் தொட்டாள், ஜான்சி அசையவில்லை. கோவண்டி போனது, மான்குர்த் போனது. இன்றைக்கு இவள் போனால் திரும்பமாட்டாள், மெஹக்கையும் இழந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. பாலம் வந்தது. அது அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தண்ணீர் முடிந்தது. ஜான்சி திரும்பினாள்.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எனக்குக் கோவமா இருக்கு. ரொம்பக் கோவமா இருக்கு." மூச்சு வாங்கினாள். "கத்தி எங்க? வாஷி வந்துரும், சீக்கிரம் வெட்டுங்க."

அப்புறம் எழுந்த கூச்சலில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டோலக் மறுபடி பிய்த்து உதறியது. மெஹக் மூக்கு நுனியில் க்ரீமோடு, விசும்பிக்கொண்டே சொன்னாள்: "இனி நான் இந்த ரயில்ல வரமாட்டேனே. க்ரூப்ல இருந்து நானும் வெளிய போயிரட்டுமா?"

ஜான்சி அவள் போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போயிராதட்டி. பதினோரு தடவ போயிட்டு வந்தவ சொல்லுதேன், வெளிய ஒண்ணுமே இல்ல."