பாரிஸிலிருந்து வந்த அரிசி

காரைக்காலுக்கு வெளிநாட்டிலிருந்து அரிசி கொண்டுவந்த ஆள் எனக்குத் தெரிந்து என் பெரியம்மா ஒருவர்தான். பாரிஸிலிருந்து வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வெளியே வரும். பெரியம்மாவின் பெட்டியிலிருந்து இரண்டு பை அரிசி, ஒரு வினிகர் பாட்டில், கறுப்புக் காகிதம் போன்ற கடல்பாசித் தாள் ஒரு கட்டு, துணியில் சுற்றிய நீளமான கத்தி எல்லாம் வந்தன. நெரவியில் வயல்களுக்கு நடுவே வளர்ந்த அப்பா, அந்த அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எனக்குப் பத்து வயது. சாக்லேட் இல்லையே என்ற துக்கத்தில் இருந்தேன்.

அம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பெரியம்மா அதை வைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போய், ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். அம்மா தன்னுடையதை ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்து பீரோவில் வைத்திருந்தாள். அப்பாவுக்கு அந்த வருடம் துபாயில் வேலை போய்விட்டது. அவர் தினமும் வீட்டில் இருந்தது எனக்கு மாதா கோயில் திருவிழா மாதிரி இருந்தது.

வந்த மறுநாளே பெரியம்மா அம்மாவுக்கு சூஷி செய்யக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பச்சை மீன்தான் சூஷி என்று நான் நினைத்திருந்தேன். முதல் மூன்று நாள் மீனே வரவில்லை, வெறும் சோறுதான். தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் களைந்தார்கள், அதுவும் நுனி உடையாமல், கைக்குழந்தைக்குத் தலை அலசுவதுபோல. வெந்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, உப்பும் சர்க்கரையும் கரைத்த வினிகரைத் தெளித்து, அகப்பையால் கீறிக் கீறிக் கலந்தார்கள். விசிறுவது என் வேலை. விசிற விசிற ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மின்னத் தொடங்கியது. கை வலித்தும் நான் நிறுத்தவில்லை. தினமும் தின்கிற சோறு இத்தனை அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சோற்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டார். அங்கே சேர்ந்த முதல் இரண்டு வருடம் தன்னை அரிசி களைய மட்டும்தான் விட்டார்கள், மீனைத் தொடவே விடவில்லை என்று பெரியம்மா சொன்னார். அதில் வருத்தம் இல்லை. பட்டம் வாங்கியவர் பேசுவதுபோல இருந்தது.

பிறகு பிடிப்பது. கையை நனைத்துக்கொண்டு பெரியம்மா ஒரு பிடி எடுத்துத் தராசில் வைத்தால் இருபது கிராம். அடுத்த பிடியும் இருபது. எனக்கு அது மந்திரமாகவே பட்டது. அம்மா பிடித்தால் முப்பது வரும், பதினைந்து வரும்.

"அழுத்தாதடி. கையில இருக்கிற வரைக்கும் உதிரக் கூடாது. வாயில போட்டதும் தானா உதிரணும்."

சரியாக வராததையெல்லாம் நானும் அப்பாவும் தின்றோம். தின்பதற்கு முன்னால் கைகூப்பி 'இத்தாதாகிமாஸ்' என்று சொல்ல வேண்டும். விளைவித்தவர், சமைத்தவர், உயிரைக் கொடுத்த மீன் எல்லாரிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம். நான் சிலுவை போட்டுவிட்டு அதையும் சொல்வேன். எதை முதலில் சொல்வது என்பதில் மட்டும் குழப்பம் இருந்தது.

நாலாம் நாள் காலையில் அப்பா காரைக்கால்மேட்டு மீன் ஏலத்திலிருந்து ஒரு சூரை மீன் வாங்கிவந்தார். பாரிஸில் கடுங்குளிரில் உறைய வைத்த மீனைத்தான் பச்சையாகப் பரிமாறுவார்கள், நம் வீட்டு ஃப்ரிட்ஜ் அதற்குக் காணாது என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே சூரை வெட்டிப் பழகுவதற்கு மட்டும். கத்தியை முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் மீன்குழம்பில் எல்லாத் துண்டுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் கிடந்தன. சோற்றின்மேல் வைக்க, வளையாமலிருக்க ஈர்க்குச்சி செருகி அவித்த இறாலும், அடுக்கடுக்காகச் சுருட்டிய முட்டையும்தான்.

பத்து நாளில் அம்மாவின் கை மாறிவிட்டது. தராசில் இருபது, இருபது, பத்தொன்பது, இருபது. அவள் முகத்தைப் பார்த்தால் பேசத் தோன்றாது; பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் நடக்கும்போது வருகிற அமைதி சமையலறையில் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவின் பருத்திப் புடவையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். சமைக்க எதற்கு இஸ்திரி போட்ட புடவை என்று கேட்டேன். பெரியம்மா போனைச் செம்பில் சாய்த்து நிறுத்தினார். திரையில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு ஜப்பான்காரர் தெரிந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பன்னிரண்டு சூஷி பிடித்து வரிசையாக வைத்தாள். அவர் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். பிறகு திருப்பிக் காட்டச் சொன்னார். பெரியம்மாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"கை அவசரப்படலன்னு சொல்றாருடி."

அவர் தலைகுனிந்து வணங்கினார். அம்மாவும் குனிந்தாள். விசிறியோடு நானும் குனிந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் எங்கள் அடுப்படியை வணங்குகிறார் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அது வேலைக்கான தேர்வு என்பதும், அந்த உணவகத்துக்கு அம்மா மட்டும் தனியாகப் போகப்போகிறாள் என்பதும் ஜூன் மாதம் அவள் விமானம் ஏறுகிற வாரத்தில்தான் எனக்குச் சொல்லப்பட்டன.

அதற்கெல்லாம் முன்பே, பெரியம்மா பாரிஸுக்குத் திரும்பிய மறுநாள் மாலை, அம்மா என்னைக் கூப்பிட்டு அடுப்பின் முன் நிறுத்தி, நம் வீட்டுப் பொன்னியில் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இனி நானும் சூஷி பிடிக்கப் போகிறேன், அதற்குத்தான் இது முதல் பாடம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு அரிசி போடட்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்குப் போட்டுப் பழகு," என்றாள்.

அது தவக்காலம். அம்மா ஒருசந்தி நோன்பு இருக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் அளந்து போட்டேன்.