பரமசிவம் பேருக்கு ஓர் அர்ச்சனை

இது நடந்த கதை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நாளைக் காலை ஐந்து மணிக்குக் கார்பார்க்கில் தனியாக இறங்கும்போது என்னைத் திட்டக்கூடாது. குமரனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். பொய் சொன்னால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது அந்த முகத்தை நான் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் மாமனார் வீட்டில் குடியிருப்பவன். ஏழு மாதம் வேலை இல்லை. மாமனார் சோற்றையும் தின்று, சொல்லையும் தின்றான். ஒருவழியாகச் சாங்கியில், விமானச் சரக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணி ஷிஃப்ட். ஒரு மாதம் புரொபேஷன். அதற்குள் மூன்று முறை லேட்டானால் வேலை உறுதியாகாது, மறுபடியும் மாமனார் முகத்தில்தான் முழிக்க வேண்டும். முதல் ரயிலைப் பிடித்தால்கூட ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. அதனால்தான் பைக் வாங்கினான்.

வாங்கிக் கொடுத்தவர் மெக்கானிக் ஒலி முகம்மது. பழைய வண்டி. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கரைக் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். "ஒரு பெரியவர் வச்சிருந்தது தம்பி. புள்ள மாதிரி பாத்துக்கிட்டாரு. இனிமே ஓட்ட மாட்டாரு," என்றார். ஏன் ஓட்ட மாட்டார் என்று இந்த மகாராசன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வண்டி வாங்கினால் நம்மவர்கள் முதலில் எங்கே போவோம்? காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போனான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் கேட்டார்.

"வண்டி யார் பேர்ல இருக்கு? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

பெயர் மாற்றும் வேலை அன்றைக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லியிருப்பான். இவனுக்குப் படிவம் நிரப்புகிற புத்தி. கேட்ட கேள்விக்குக் கேட்டபடி பதில். பேப்பரை விரித்துப் பழைய சொந்தக்காரரின் பெயரைப் படித்தான்.

"பரமசிவம். நட்சத்திரம் தெரியல சாமி."

அந்தப் பெயருக்கே அர்ச்சனை நடந்தது. மணி அடித்தது, தீபாராதனை ஆனது, பழம் நசுங்கியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலை 5.05. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முப்பது உதை உதைத்தான். சட்டையெல்லாம் வேர்வை. 5.35-க்குத்தான் இருமிக்கொண்டே கிளம்பியது. முதல் லேட். இரண்டு நாள் கழித்து மழை பெய்த காலை. மறுபடியும் அதே கூத்து. இரண்டாவது லேட். அதற்குப் பிறகு கால் மணி நேரம் முன்னதாகவே, 4.50-க்கே இறங்கி மல்லுக்கட்ட ஆரம்பித்தான். பிளக்கை மாற்றினான். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். டேங்கில் இருந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினான். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் மட்டும் ஒரே உதையில் கிளம்பும்.

இன்னொன்றும் இருந்தது. காலையில் எஞ்சினைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சீட்டைத் தொட்டால்... சூடு. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

மழைக்காலத்தில் எதெதுவோ தோன்றும் என்று விட்டுவிட்டான்.

நான்காவது வாரம் ஒலி முகம்மதுவிடம் கொண்டுபோனான். அன்று காலை கழற்றிவைத்த பிளக்கையும் காட்டினான். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"நனைஞ்சிருக்கு பாத்தீங்களா? வண்டில கோளாறு இல்ல. உங்களுக்கு முன்னாடி யாரோ சோக்க, அதான் பெட்ரோல் கூட்டுற லீவர, இழுத்துவிட்டு உதைக்கிறாங்க. சாவி போடாம உதைச்சா நெருப்பு வராது லா. பெட்ரோல் மட்டும் உள்ள போயி பிளக்க நனைச்சிடும். அப்புறம் நீங்க எவ்வளவு உதைச்சாலும் வராது."

"சாவி என்கிட்ட மட்டும்தானே இருக்கு?"

"அதான் சொல்றேன். சாவி இல்லாத ஆளு."

குமரனுக்குச் சிரிப்பு வந்தது. பூஜை போட்ட வண்டிக்கே இந்தக் கதியா என்றான். பேச்சுவாக்கில், அன்றைக்கு யார் பெயரைச் சொன்னான் என்பதையும் சொன்னான்.

ஒலி முகம்மது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன் மவுத்தாயி எட்டு மாசம் ஆச்சே தம்பி."

அர்ச்சனையில் என்ன கேட்கிறோம்? ஆயுசு கேட்கிறோம். செத்தவன் பெயருக்கு ஆயுசு கேட்டுவிட்டு வந்திருக்கிறான், பாவி.

மறுநாள்தான் புரொபேஷனின் கடைசி நாள். மழை வேறு. இன்றைக்கு மட்டும் லேட்டானால் எல்லாம் போச்சு. குமரன் 4.30-க்கே கார்பார்க்கில் இறங்கி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். வருகிறவன் எவனாக இருந்தாலும் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நின்றான்.

4.41.

டிக்.

சோக் லீவர் தானாக மேலேறியது.

வண்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மறைய இடமே கிடையாது.

கிக்கர் மெல்ல வெளியே விரிந்தது. கீழே இறங்கியது.

டுக்...

டுக்...

டுக்...

ஒவ்வொரு உதைக்கும் சீட்டு கொஞ்சம் அமுங்கி எழுந்தது. ஏழு உதை. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். வயதான மூச்சு.

குமரன் ஓடத்தான் நினைத்தான்.

கழுத்துக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

"லேட்டாச்சு தம்பி... ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது லா..."

மணி 4.46.

அந்த ஒரு வார்த்தைதான் குமரனைக் கிளப்பிவிட்டது. லேட். ஏழு மாதம் தின்ற சொல்லெல்லாம் மொத்தமாகத் தொண்டைக்கு வந்தது. பயம் போய்விட்டது. வந்தது வெறி.

"ஐயா, நீங்க செத்துட்டீங்க. எட்டு மாசமாச்சு. இது என் வண்டி."

சத்தம் நின்றது.

"யாரு...? நானா?"

"நீங்கதான். செத்தவனுக்கு ஏது வேலை, ஏது லேட்டு? போய்த் தொலைங்க."



பிறகு காலடி. கனமான சேஃப்டி பூட்ஸ். சரிவில் இறங்கி... இறங்கி... தேய்ந்து போனது.

4.52.

குமரன் பிளக்கைத் துடைத்து மாட்டி உதைத்தான். ஒரே உதை. வண்டி கிளம்பியது.

5.40-க்குச் சாங்கியில் இருந்தான். பதினொரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டு, வேலை உறுதியான கடிதத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார். சந்தோஷம் தாங்கவில்லை. மாமனாருக்குத்தான் முதலில் படம் எடுத்து அனுப்பினான். தான் பேசியதை நினைத்து, அந்த நேரத்தில், அவன் துளிகூட வருத்தப்படவில்லை. அவனே சொன்னான்.

2.20-க்குத் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன்.

"குமரன் அண்ணனா? நான் சுஷ்மிதா. ஈசூன்லேருந்து. மெக்கானிக் அங்கிள்தான் நம்பர் குடுத்தாங்க. எங்கப்பா பைக்க நீங்கதானே வாங்குனீங்க?"

"ஆமா..."

"அப்பா காலைல வேலைக்குக் கிளம்பறப்ப, வண்டிய உதைச்சிட்டு இருந்தவரு அப்படியே விழுந்துட்டாரு. அப்புறம் முழிக்கவே இல்ல. அம்மாவுக்கு மறதி நோய். அப்பா தவறுனத அவங்ககிட்ட நாங்க சொல்லவே இல்ல. வேலைக்குப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு சொல்லியே எட்டு மாசம் ஓட்டிட்டோம்."

குமரன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நாலு வாரமா காலைல அஞ்சு மணியானா அம்மா எழுந்து கதவத் திறந்துடுவாங்க. டீ போடுவாங்க, ரெண்டு கிளாஸ். அப்பா வந்திருக்காரு, வண்டி ஸ்டார்ட் ஆகலையாம், வேலைக்குப் போகாம திரும்பி வந்துட்டாருன்னு சொல்லுவாங்க. வியாதிதான்னு விட்டுட்டோம். சந்தோஷமா இருந்தாங்கண்ணே. சாப்பிட்டாங்க. சிரிச்சாங்க."

சுஷ்மிதாவின் குரல் உடைந்தது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கும் கதவத் திறந்தாங்க. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னாங்க. அப்புறம் என்கிட்ட வந்து, அப்பா செத்துட்டாராமே, வண்டி வாங்குன பையன் சொன்னானாமே, நிஜமான்னு கேட்டாங்க. என்னால பொய் சொல்ல முடியல."

"அம்மா இப்ப...?"

"விடியறவரைக்கும் அழுதாங்க. அப்புறம் தூங்கிட்டாங்க. எழுந்ததும் மறந்துட்டாங்க, எல்லாத்தையும். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தானா ஞாபகம் வந்து, இப்பதான் மொதல்ல கேக்குற மாதிரி அழறாங்க, மறுபடியும் மறந்துடறாங்க. காலைலேருந்து இது ஏழாவது தடவைண்ணே."

பின்னால் ஒரு பெண் அலறுவது ஃபோனில் கேட்டது.

"எட்டு," என்றாள் சுஷ்மிதா.